சாவி அப்பாவுடையது: காவேரிப்பட்டணம் பக்கத்து விபத்து ஒன்றின் சட்டக் கணக்கு

"மைனர் பையன் சார், அவன் மேல என்ன கேஸ் நிக்கும்?" கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்துக்கு விபத்து வழக்கோடு வருகிற குடும்பத்தில் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ இதைக் கேட்காமல் போவதில்லை. கேட்பவர் சொல்வதில் பாதி சரி. பையன் மேல் வருகிற வழக்கைச் சட்டம் வேண்டுமென்றேதான் இலகுவாக வைத்திருக்கிறது. ஆனால் அவன் தோளிலிருந்து இறக்கிய சுமையை அது தரையில் வைத்துவிடவில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, அந்தச் சுமை வண்டிச் சாவிக்குச் சொந்தக்காரர் தலைக்குப் போகிறது. அதை இந்த மாவட்டத்தில் பலர் சம்மன் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இங்கே எழுதுவது ஒரே ஒரு வழக்குக் கட்டைப் பார்த்து அல்ல. இந்த வகை வழக்குகளில் திரும்பத் திரும்ப வருகிற சங்கதிகளை ஒரு குடும்பத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறேன். ஆட்கள் கற்பனை, சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உண்மை. இப்படிச் செய்ய இன்னொரு காரணமும் உண்டு. சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் பெயர், ஊர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்த அரை மணி நேரத்தில் பையன் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

நடந்தது

தை மாதக் கடைசி. ஊரில் எருது விடும் விழா. பையன் பிளஸ் டூ. 17 முடிந்து சில மாதங்கள். அப்பா சொந்தமாக டாடா ஏஸ் வைத்து ஓட்டுகிறவர், தேங்காயும் காய்கறியும் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டுக்குப் போய்வருவார். வீட்டில் ஒரு 150 சிசி பைக், ஆர்.சி. அப்பா பெயரில், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு டாஸ்மாக் கடையில் சரக்கு விற்கக் கூடாது. பையன்களுக்கு அது தெரியும். அதனால் கடைக்குப் போனது பையனின் பெரியம்மா மகன், வயது 23. ஒரு ஆஃப் வாங்கிவந்தான். மாந்தோப்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் டம்ளரில் நான்கு பங்காகப் பிரித்தார்கள். சாயங்காலம் மூன்று பேர் ஒரே பைக்கில், ஹெல்மெட் இல்லாமல் கிளம்பினார்கள்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, காலிக் கேனை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் மாட்டிக்கொண்டு வந்தவருக்கு வயது 44. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், வயதான அம்மா. மேடேறித் திரும்புகிற இடத்தில் பைக் தன் பக்கத்தை விட்டு வலதுபுறம் ஏறி அவரை மோதியது. நேரம் 5.50 சுமார். 108 வந்து எல்லோரையும் ஏற்றிப்போனது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். பையனுக்குக் கை முறிவு. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது.

அன்று இரவு எடுத்த முடிவு

மருத்துவமனை வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். யோசனை சொன்னவர் மாமா. "மச்சான், நீ ஓட்டுனேன்னு சொல்லிடு. உனக்கு லைசென்ஸ் இருக்குது, இன்சூரன்ஸ்காரன் கட்டிடுவான். பையன் வாழ்க்கை கெடாது."

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் இது மூன்று பேரையும் ஒரே குழியில் தள்ளுகிற யோசனை. அப்பா ஸ்டேஷனுக்குப் போய் அப்படியே சொன்னார். எஸ்.ஐ. அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் மண் இல்லை, உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை. போனைக் கேட்டு வாங்கினார். அதில் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் டாடா ஏஸுக்குப் பணம் பிடித்த நேரம் மாலை 5.46. ஓசூரிலிருந்து காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த மனிதர், நான்கு நிமிடத்தில் காவேரிப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் பைக்கில் எப்படிப் போயிருக்க முடியும்?

பொது ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 217-ஆவது பிரிவு. குற்றவாளியைக் காப்பாற்றச் சாட்சியத்தை மறைப்பதும் பொய்த் தகவல் சொல்வதும் 238. பொய் எடுபட்டிருந்தால்கூட என்ன ஆகியிருக்கும்? கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 106(1)-இல் 5 ஆண்டு வரை தண்டனை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ-வில் இது 2 ஆண்டாகத்தான் இருந்தது. அதை ஒரு மேஜர், வழக்கமான கோர்ட்டில், தன் தலையில் ஏற்றுக்கொண்டிருப்பார். புனே கல்யாணி நகரில் 2024 மே மாதம் நடந்ததை எல்லோரும் செய்தியில் படித்தோம். 17 வயதுப் பையன் கார் மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்த அந்த வழக்கில், 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்ன ஜாமீன் நிபந்தனைதான் பேசப்பட்டது. ஆனால் ரத்த மாதிரியை மாற்றியதாகப் பெற்றோரும் மருத்துவர்களும் கைதானது அதே வழக்கில்தான். பையனைக் காப்பாற்றப் போனவர்கள்தான் அவனைவிட அதிக நாள் உள்ளே இருந்தார்கள்.

நம் ஆள் இரண்டாவது நாள் உண்மையை எழுதிக் கொடுத்தார். 217 அவர் மேல் சேர்க்கப்படாமல் போனது எஸ்.ஐ.யின் நல்ல மனசு. அதை எல்லா ஸ்டேஷனிலும் எதிர்பார்க்க முடியாது.

குடித்ததை நிரூபிப்பது

பணியிலிருந்த மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்கிற அந்தத் தாளில், "வாயில் மது வாடை உள்ளது" என்று எழுதியிருந்தார். ரத்தம் எடுத்தது இரவு 9.30-க்கு மேல். ஆய்வக அறிக்கை: 100 மில்லி ரத்தத்தில் 21 மில்லிகிராம்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு, 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொருந்தும். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 2 ஆண்டு, 15,000 ரூபாய். பொதுவாக உடம்பு மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் மதுவைக் கழிக்கும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் விபத்து நேரத்தில் 70-ஐத் தாண்டியிருக்கும் என்று வாதிடலாம். ஆனால் பிரிவு கேட்பது சோதனையில் கண்டறியப்பட்ட அளவை. கிட்டத்தட்ட நான்கு மணி நேரத் தாமதம் 185-ஐத் தின்றுவிட்டது. 185-இல் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்வதற்கும் காரணம் இதுதான். கிராமத்து விபத்தில் முதலில் உயிரைப் பார்ப்பார்கள், எலும்பைப் பார்ப்பார்கள், ரத்தப் பரிசோதனை கடைசியில்தான் வரும். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, 185 போய்விட்டது, அப்போது குடி வழக்கிலிருந்தே போய்விட்டதா? இல்லை. குற்ற வழக்குக்கு 30 என்ற எண் வேண்டும். காப்பீட்டு வழக்குக்கு அந்த எண் கட்டாயமில்லை. மூச்சுப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளை வைத்து ஓட்டுநர் மதுவின் பிடியில் இருந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல், டெல்லியில் நொறுங்கிய ஒரு போர்ஷே காரின் சேத வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த மருத்துவர் எழுதிய ஒற்றை வரி நம் வழக்கில் பிறகு எங்கே போய் நின்றது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பையன்

அவனை லாக்கப்பில் வைக்க முடியாது. சிறையிலும் வைக்க முடியாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் என்பது ஒரு முதன்மை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்தது. பையன் உட்காருகிற இடத்தில் காக்கிச் சட்டை இருக்காது. ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் இளைஞர் நீதிச் சட்டம் 12-ஆவது பிரிவின்படி ஜாமீன்தான் விதி. வெளியே விட்டால் அவனுக்கே ஆபத்து, அல்லது குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அல்லது நீதிக்குக் கேடு என்றால் மட்டும் மறுக்கலாம். மறுத்தாலும் போவது சேலம் போன்ற இடத்தில் உள்ள கூர்நோக்கு இல்லத்துக்கு, மத்தியச் சிறைக்கு அல்ல. இவனுக்கு அன்றே ஜாமீன் கிடைத்தது. அப்பா உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்.

இறந்தவரின் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. "குடிச்சிட்டு ஓட்டுனா சாவு வரும்னு தெரியாதா சார்? பெரிய ஆளா நெனச்சு விசாரிக்கக் கூடாதா?" முடியாது. 16 வயதுக்கு மேற்பட்டவரைப் பெரியவராகக் கருதி விசாரிப்பதா என்ற கேள்வியே கொடுங்குற்றத்தில்தான் எழும். கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு இருக்க வேண்டும். டெல்லியில் 2016-ல் ஒரு மைனர் மெர்சிடிஸ் ஓட்டி ஒருவரைக் கொன்ற வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லை, ஆகவே அது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதே குற்றத்துக்கு பி.என்.எஸ். 105 வந்த பிறகு அதன் ஒரு பகுதிக்கு 5 ஆண்டு குறைந்தபட்சம் வந்திருக்கிறது. அதுவும் 7-ஐத் தொடவில்லை. நம் வழக்கில் 105 போடவே இல்லை. கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு பி.என்.எஸ். 281, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 106(1), லைசென்ஸ் இல்லாததற்கு மோட்டார் வாகனச் சட்டம் 181, மூன்று பேர் போனது, ஹெல்மெட், அவ்வளவுதான்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து சமூகப் புலனாய்வு அறிக்கை தயாரித்தார். விசாரணையை 4 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. இங்கே இன்னும் கொஞ்சம் இழுத்தது. முடிவில் குழுமம் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, கவுன்சலிங், மருத்துவமனையில் சமூக சேவை என்று உத்தரவிட்டது. அதிகபட்சமாகப் போயிருந்தாலும் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டுதான். இந்தத் தீர்வு அவன் எதிர்காலத்தில் எந்தத் தகுதியின்மையையும் ஏற்படுத்தாது என்கிறது 24-ஆவது பிரிவு. காலம் கடந்ததும் ஆவணங்களையும் அழிக்க வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் பொறுக்காது. ஆனாலும் 17 வயதில் ஒருவனைச் சிறைக்கு அனுப்பித் திரும்ப எடுத்தால் என்ன ஆளாக வருவான் என்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சட்டத்தின் பக்கம்தான் நான்.

அவனுக்கு உண்மையாகவே வலிக்கிற ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவின்படி 25 வயது வரை அவனுக்கு லைசென்ஸ் கிடையாது, எல்.எல்.ஆர்.கூடக் கிடையாது. ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகவேண்டிய, அப்பாவின் டாடா ஏஸைப் பிடிக்கவேண்டிய வயது அது. தகுதியின்மை கூடாது என்கிற 24-ஆவது பிரிவோடு இது எப்படி ஒத்துப்போகும் என்று வாதிட இடமிருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்பா

199-ஏ ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு மைனர் குற்றம் செய்தானா? செய்தான் என்றால் காப்பாளரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. குடி நிரூபணமாகாதது இங்கே உதவவே உதவாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான் என்ற 181 ஒன்றே போதும். விபத்துகூட நடந்திருக்க வேண்டியதில்லை. 16 வயதில் லைசென்ஸ் தருகிறார்களே என்பவர்களுக்கு: அது 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்கு. 150 சிசி பைக்குக்கு அல்ல.

"எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்." எல்லா அப்பாக்களும் சொல்வது. சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. தனக்குத் தெரியாது, அல்லது தடுக்க உரிய கவனம் எல்லாம் எடுத்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் நிரூபிக்கவேண்டியது அப்பா. அவர் சம்மதத்தோடுதான் வண்டி போனது என்று கோர்ட் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கவுரையே சொல்கிறது. வழக்கமாகப் போலீஸ் தரப்பு நிரூபிக்கும், நாம் ஓட்டை தேடுவோம். இங்கே ஆட்டம் தலைகீழ்.

அரசுத் தரப்பு தாக்கல் செய்த ஒரு போட்டோ போதும். பைக் வாங்கிய அன்று கோயில் வாசலில் எடுத்தது. முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, டேங்கில் மஞ்சள் குங்குமம். சீட்டில் மகன் உட்கார்ந்திருக்கிறான், கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. பக்கத்தில் அப்பா. அவரே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது, மேலே "தம்பியின் புது வண்டி" என்ற வரியோடு. தினம் டியூஷனுக்கு அதில்தான் போவான் என்று பக்கத்து வீட்டம்மா சொன்ன வாக்குமூலம் அதற்கு மேல். சாவி தொங்கியது டிவிக்குப் பக்கத்து ஆணியில். உரிய கவனம் என்று இதில் எதைக் காட்டுவது?

சரக்கு வாங்கித் தந்தவன்

இதைச் சொன்னால் வக்கீல்களிலேயே சிலர் ஒரு நிமிடம் புருவம் உயர்த்துகிறார்கள். இந்த மொத்தக் கட்டிலும் மிகக் கடுமையான தண்டனை வண்டி ஓட்டியவனுக்கும் இல்லை, சாவி கொடுத்தவருக்கும் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆவது பிரிவு: மருத்துவர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மதுவைக் கொடுத்தாலோ கொடுக்கச் செய்தாலோ 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 நிரம்பாதவர் எல்லோரும். மாந்தோப்பில் டம்ளரில் ஊற்றிய 23 வயது அண்ணன் இதற்குள் நேராக வந்து விழுகிறான்.

போலீஸ் இதைப் போடுவது அரிது. பையன் எங்கே, யாரோடு குடித்தான் என்று கேட்டு எழுதுகிற பழக்கமே குறைவு. இங்கே இறந்தவரின் தம்பி விடாமல் மனு கொடுத்துக் கேட்டதால் சேர்த்தார்கள். கல்யாண வீட்டில், கெடா வெட்டில் "குடிடா, ஆம்பளைதானே" என்று ஊற்றிக் கொடுக்கிற மாமன்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்!

பைக்கில் பின்னால் உட்கார்ந்த இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்து ஓட்டத் தூண்டியவர்களுக்கும் ஓட்டியவருக்குரிய அதே தண்டனை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 188-ஆவது பிரிவு. 185 நிற்காததால் இங்கே அது வேலை செய்யவில்லை.

பணம்

மனைவி, மகள்கள், அம்மா நால்வரும் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு, போட்டார்கள். 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. காரியம் முடியட்டும், வருஷாப்தீகம் முடியட்டும் என்று உட்கார்ந்தால் எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே காலக்கெடுவைக் கிளப்பும்.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். மாட்டுக்கும் நிலத்துக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்தது. வயது 44, சுயதொழில், ஆகவே எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டி 18,750. சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் சுமார் 14,062. ஆண்டுக்கு 1,68,750. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 14. மொத்தம் 23,62,500. 2009-ன் சரளா வர்மா தீர்ப்பும் 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்பும் போட்டுக்கொடுத்த சூத்திரம் இது. துணை இழப்பு, ஈமச் சடங்கு போன்றவற்றையும் சேர்த்து 25 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு மேல் மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி.

இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது, ஆகவே கம்பெனி கட்டும் என்று அப்பா நிம்மதியாக இருந்தார். கம்பெனி வக்கீல் இரண்டு தாளை நீட்டினார். ஒன்று, பையனுக்கு லைசென்ஸ் இல்லை என்பதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகச் சான்று. மற்றது அந்த ஏ.ஆர். காப்பி. குற்ற வழக்கில் பல் இல்லாமல் போன "மது வாடை" என்ற வரி இங்கே கடித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தப்பட்ட 150-ஆவது பிரிவில், லைசென்ஸ் இல்லாமை மட்டுமல்ல, குடித்து ஓட்டியதும் கம்பெனி எடுக்கக்கூடிய எதிர்வாதமாக இடம்பெற்றிருக்கிறது.

இறந்தவர் குடும்பத்தை நடுத்தெருவில் விடாமல் இருக்கத் தீர்ப்பாயம் வழக்கமான வழியை எடுத்தது: கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அந்த வசூலுக்குத் தனி வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று மனு போதும். அப்பா கையில் அந்த நோட்டீஸ் வந்தபோது வட்டியோடு தொகை 28 லட்சத்தை நெருங்கியிருந்தது. ஜப்திக்குக் காட்டியிருந்த சொத்துகள்: டாடா ஏஸ், காவேரிப்பட்டணம் பக்கத்தில் அவர் பெயரில் உள்ள 60 சென்ட். மாமா இப்போது போனை எடுப்பதில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் வட்டியைக் குறைத்துத் தவணை கேட்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது. கம்பெனி சம்மதித்தால்தான் அது நடக்கும். பேச்சு நடக்கிறது.

199-ஏ வழக்கில் குற்றச்சாட்டு வனைந்தாயிற்று, சாட்சி விசாரணை இனிமேல்தான். அரசுத் தரப்புச் சாட்சிப் பட்டியலில் நான்காவதாக இருப்பவன் அந்த மகன். இப்போது மேஜர், அவன் வழக்கு குழுமத்தில் முடிந்துவிட்டது, ஆகவே வாய்திறக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு எளிதான வழி இல்லை. சாவியை அப்பா கொடுத்தாரா, ஆணியிலிருந்து நீயே எடுத்தாயா என்பது கேள்வி. அதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுத்தான் அப்பாவும் மகனும் போன வாரம் வந்திருந்தார்கள். உண்மையைச் சொல் என்று மட்டும் சொன்னேன். அப்பா தலையாட்டினார், மகன் ஒன்றும் பேசவில்லை.